நாலு நட்சத்திரத்துக்குக் கீழே: மதிப்பெண் செயலிகளும் கிராஃப்ட் பீரும்

பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்ஸ் மாகாணத்தில் வெஸ்ட்ஃப்ளேட்டரன் என்றொரு சிற்றூர். அங்குள்ள செயின்ட் சிக்ஸ்டஸ் மடத்தில் டிராப்பிஸ்ட் துறவிகள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து பீர் தயாரித்து வருகிறார்கள். நெடுங்காலம் அவர்களுடைய பாட்டில்களில் லேபிளே இருந்ததில்லை. மூடியைப் பார்த்துத்தான் எது எந்த வகை என்று அறிய வேண்டும். விளம்பரம் கிடையாது, விற்பனைப் பிரதிநிதி கிடையாது. அப்படிப்பட்ட மடத்தின் ‘வெஸ்ட்ஃப்ளேட்டரன் 12’ என்ற பீர், 2005இல் ரேட்பீர் இணையதளத்தின் பயனர்கள் அளித்த மதிப்பெண்களின்படி உலகிலேயே சிறந்தது என்று வந்தது. நாளிதழ்கள் அதைச் செய்தியாக்கின. மடத்து வாசலில் கார்கள் வரிசை கட்டின. இருப்பு தீர்ந்துபோனது.

வேறு எந்த முதலாளியும் அடுத்த மாதமே இன்னொரு கொதிகலன் வாங்கியிருப்பார். துறவிகள் உற்பத்தியைக் கூட்ட மறுத்துவிட்டார்கள். மடத்தின் பிழைப்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் தயாரிப்போம் என்பது அவர்களுடைய நிலை. தொலைபேசியில் முன்பதிவு, காரின் எண்ணைப் பதிவுசெய்தல், தலைக்கு இவ்வளவு பெட்டி என்ற வரம்பு என்று கட்டுப்பாடுகள் இறுகின. ஆனாலும் மறுவிற்பனையை நிறுத்த முடியவில்லை. 2018இல் நெதர்லாந்தின் யான் லிண்டர்ஸ் என்ற சூப்பர்மார்க்கெட் நிறுவனம் அதே பீரை பாட்டில் கிட்டத்தட்ட 10 யூரோவுக்கு விற்றது. மடத்தில் அதன் விலை 2 யூரோவுக்கும் குறைவு. துறவிகள் வெளிப்படையாகவே கண்டித்தார்கள். அடுத்த ஆண்டு தொலைபேசிக்குப் பதிலாக இணைய முன்பதிவைக் கொண்டுவந்தார்கள்.

முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானவர்கள் கூடி ஒரு பீருக்குப் போடும் மதிப்பெண், அதைத் தயாரிப்பவரின் வாசல்வரை வந்து கதவைத் தட்டும் என்பதற்கு இது தொடக்க கால உதாரணம். கடந்த கால் நூற்றாண்டில் இந்த மதிப்பெண் முறை கிராஃப்ட் பீர் தொழிலுக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. எந்தச் சிற்றூர் ஆலை பிழைக்கும், எந்தப் பாணி செழிக்கும், கடையின் அலமாரியில் எது நிற்கும் என்பதிலெல்லாம் அதற்குப் பங்கிருக்கிறது. அந்தப் பங்கு எவ்வளவு, அது எந்தத் திசையில் இழுத்தது என்பதே இங்கே கேள்வி.

ஒரு விமர்சகரிலிருந்து ஒரு கூட்டத்துக்கு

பீரைப் பற்றிக் கருத்துச் சொல்வது ஒரு காலத்தில் மிகச் சிலரின் வேலை. அவர்களில் தலையாயவர் மைக்கேல் ஜாக்சன். பாடகர் அல்ல, அதே பெயர் கொண்ட ஆங்கிலேயப் பத்திரிகையாளர். 1977இல் வெளிவந்த அவருடைய ‘தி வேர்ல்ட் கைட் டு பீர்’ உலக பீர்களைப் பாணிவாரியாகப் பிரித்துக் காட்டியது. லாகர், ஸ்டவுட், பெல்ஜிய ஏல் என்று இன்று சாதாரணமாகப் புழங்கும் வகைப்பாடு பரவலானதில் அந்த நூலுக்குப் பெரும் பங்குண்டு. அப்போது அமெரிக்காவில் நூறு பீர் ஆலைகள்கூட இல்லை. சுவைத்துப் பார்க்க வேண்டிய பட்டியல் சிறியது. ஒருவரே பெரும்பாலானவற்றைக் குடித்து எழுதிவிட முடிந்தது.

1996இல் பாஸ்டன் பக்கம் டாட், ஜேசன் ஆல்ஸ்ட்ராம் என்ற சகோதரர்கள் பீர்அட்வகேட் தளத்தைத் தொடங்கினார்கள். 2000இல் ரேட்பீர் வந்தது. இரண்டிலும் மதிப்பெண் போடுவது கொஞ்சம் உழைப்பு கேட்கும் காரியம். பீர்அட்வகேட்டில் தோற்றம், மணம், சுவை, வாயில் உணரும் தன்மை, மொத்த அபிப்பிராயம் என்று ஐந்து கூறுகளுக்குத் தனித்தனியே மதிப்பெண் தர வேண்டும். சுவைக்கு 40 விழுக்காடு எடை, மணத்துக்கு 24. ரேட்பீரிலும் இதைப்போல ஐந்து கூறுகள், மொத்தம் 50 புள்ளிகள். இந்தத் தளங்களில் எழுதியவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆர்வத்தில் அதிகம். கையில் குறிப்பேட்டோடு மதுக்கூடத்துக்குப் போகிற ரகம்.

2010 அக்டோபரில் கிரெக் அவோலா, டிம் மாதர் இருவரும் உருவாக்கிய அன்டாப்ட் செயலி வந்ததும் நிலைமை தலைகீழானது. ஐந்து கூறுகளும் இல்லை, பத்தி எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. குடிக்கும் பீரைத் தேடி, ‘செக்-இன்’ செய்து, ஐந்து நட்சத்திரத்துக்குள் கால் கால் பங்காக விரலை நகர்த்தினால் முடிந்தது. நண்பர்கள் அதைப் பார்த்து ‘டோஸ்ட்’ சொல்லலாம். இத்தனை வகை குடித்தால் இந்தப் பேட்ஜ் என்று விளையாட்டுபோலப் பரிசுகளும் உண்டு. நிபுணத்துவம் இல்லாதவரும் தயங்காமல் கலந்துகொள்ள முடிந்தது. செல்பேசி கையிலேயே இருப்பதால், வீட்டுக்குப் போய் எழுதுவது என்பதே போய், குடிக்கும் மேசையிலேயே தீர்ப்பு வழங்கப்பட்டது.

காலமும் கூடி வந்தது. 2010இல் அமெரிக்காவில் சுமார் 1,750 பீர் ஆலைகள் இருந்தன. 2023 வாக்கில் அது 9,500ஐத் தாண்டியது. இத்தனை ஆலைகளையும் எந்த ஜாக்சனாலும் சுற்றி வர முடியாது. கடைக்குள் நுழைபவரின் முன்னால் பெயர் தெரியாத நூறு கேன்கள் நிற்கின்றன. அவருக்கு ஏதாவது ஓர் எண் வேண்டியிருந்தது.

காட்டுப்பாதைக்கு முகவரி

மதிப்பெண் முறையால் பயனடைந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியது விளம்பரத்துக்கு வழியில்லாத சிறு ஆலைகளை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்ற ஊர். மக்கள்தொகை ஆயிரத்தை எட்டாது. அங்கே குடும்ப நிலத்தில் ஷான் ஹில் 2010இல் தொடங்கிய ஹில் ஃபார்ம்ஸ்டெட் ஆலையை, உலகின் சிறந்த பீர் ஆலை என்று ரேட்பீர் பலமுறை அறிவித்தது. மண்சாலையில் வெளிமாநிலக் கார்கள் வரத் தொடங்கின. தொலைக்காட்சி விளம்பரமோ, விநியோகஸ்தர் வலைப்பின்னலோ இல்லாத ஓர் ஆலைக்கு அந்தப் பெயரை வேறு வழியில் வாங்கியிருக்க முடியாது.

அதே வெர்மான்ட்டின் வாட்டர்பரியில் ஜான், ஜென் கிம்மிக் தம்பதி நடத்திய ஆல்கெமிஸ்ட் மதுக்கூடத்தை 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளம் அழித்தது. அப்போது அவர்கள் தனியாக அமைத்திருந்த கேன் அடைக்கும் ஆலை தொடங்கும் தறுவாயில் இருந்தது. அங்கிருந்து வெளிவந்த ‘ஹெடி டாப்பர்’ என்ற 8 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட கலங்கலான ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்), பீர்அட்வகேட் பட்டியலின் உச்சிக்கு ஏறியது. அதை வாங்க வந்த வண்டிகளால் சுற்றுவட்டாரத்தில் போக்குவரத்து நெரிசல் ஏற்பட்டு, அக்கம்பக்கத்தார் முணுமுணுத்து, 2013இல் ஆலை தன் நேரடி விற்பனைக் கடையையே மூட வேண்டியதாயிற்று.

கலிஃபோர்னியாவின் சாண்டா ரோசாவில் ரஷ்யன் ரிவர் ஆலையின் கதையும் இதே வழிதான். வின்னி சிலுர்சோ 2005இல் முதலில் வெளியிட்ட ‘பிளைனி தி யங்கர்’ சில ஆண்டுகள் ஆரவாரமில்லாமல் விற்றது. 2010இல் பீர்அட்வகேட்டில் முதலிடம் பிடித்த பிறகு, வெளியிட்ட சில மணி நேரங்களில் தீர்ந்தது. ஆண்டுதோறும் இரண்டு வாரம் மட்டும் ஊற்றப்படும் அந்த பீருக்காக ஊரில் அறை எடுத்துத் தங்குபவர்கள் பெருகினார்கள். அதனால் உள்ளூருக்கு எத்தனை மில்லியன் டாலர் வருமானம் என்று சோனோமா மாவட்டப் பொருளாதார வளர்ச்சி வாரியமே கணக்குப் போட்டுச் சொன்னது.

ஐரோப்பாவில் கோப்பன்ஹேகன் பள்ளி ஆசிரியர் மிக்கெல் போர்க் பியர்க்ஸோ வீட்டுச் சமையலறையில் பீர் செய்து பழகியவர். காபி சேர்த்த அவருடைய ஓட்ஸ் ஸ்டவுட்டான ‘பீர் கீக் பிரேக்ஃபாஸ்ட்’ ரேட்பீரில் உயர்ந்த மதிப்பெண் பெற்றதும் அமெரிக்க இறக்குமதியாளர்கள் தேடி வந்தார்கள். சொந்த ஆலை இல்லாமல் பிறர் ஆலைகளில் இடம் வாங்கித் தயாரித்த மிக்கெல்லர் நிறுவனம் உலகப் பெயராயிற்று. கடன் கொடுக்க வங்கி யோசிக்கும் தொழிலில், மதிப்பெண்ணே அவருக்குப் பிணையாக நின்றது.

இவையெல்லாம் தனித்தனிக் கதைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. உணவகத் துறையில் இதற்கு இணையான சான்று இருக்கிறது. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் மைக்கேல் லூகா, சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தையும் யெல்ப் மதிப்பெண்களையும் ஒப்பிட்டு 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 விழுக்காடு கூடுவதைக் கண்டார். அந்த விளைவு தனி உணவகங்களிடம்தான் தெரிந்தது. ஏற்கெனவே பெயர் பெற்ற சங்கிலிக் கடைகளிடம் தென்படவில்லை. கிராஃப்ட் பீர் ஆலைகள் கிட்டத்தட்ட எல்லாமே முதல் வகை.

தரக் கண்காணிப்பிலும் கூட்டத்தின் நாக்குக்கு ஒரு பயன் உண்டு. கூஸ் ஐலண்ட் ஆலையின் 2015ஆம் ஆண்டு ‘போர்பன் கவுண்டி’ வரிசையில் சில பாட்டில்கள் புளிக்கின்றன என்று குடித்தவர்கள் இணையத்தில் புகார் சொல்லத் தொடங்கினார்கள். லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா புகுந்திருந்தது பின்னர் உறுதியானது. 2016இல் ஆலை பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

எதற்கு விழுகிறது மதிப்பெண்?

சிக்கல் தொடங்குவது பட்டியலின் மேல்பகுதியை நிதானமாகப் பார்க்கும்போது. எந்தத் தளமானாலும், எந்த ஆண்டானாலும், உச்சியில் இருப்பவை ஏறத்தாழ ஒரே சாதி: பீப்பாயில் ஊறவைத்த இம்பீரியல் ஸ்டவுட், இரட்டை ஐ.பி.ஏ., பழம் சேர்த்த புளிப்பு ஏல். அடியில் கிடப்பவை லாகர்கள். 1842இல் பில்சன் நகரில் பிறந்து, உலகின் பெரும்பாலான பீர்களுக்கு மூதாதையான பில்ஸ்னர் உர்க்வெல் அன்டாப்ட்டில் 4 நட்சத்திரத்தை எட்டுவதில்லை. பிரிட்டனின் ‘சாம்பியன் பீர்’ பட்டத்தை நான்கு முறை வென்ற டிமோதி டெய்லரின் ‘லாண்ட்லார்ட்’டும் எட்டுவதில்லை. புதிதாகத் திறந்த ஏதோ ஓர் ஆலையின் மாங்காய், வெனிலா போட்ட ஐ.பி.ஏ. முதல் வாரத்திலேயே எட்டிவிடுகிறது.

இட்லிக்கும் பிரியாணிக்கும் ஒரே தாளில் மதிப்பெண் போட்டால் எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அன்டாப்ட்டின் நட்சத்திரம் ‘இந்த பீர் தன் வகையில் எப்படி?’ என்று கேட்பதில்லை. ‘உனக்கு எவ்வளவு பிடித்தது?’ என்றே கேட்கிறது. ஒரு வாய் குடித்தவுடன் அசத்துவது எதுவோ அதற்கு அங்கே இயல்பாகவே சாதகம். பீர் ஆர்வலர்கள் கூடிப் பத்துப் பன்னிரண்டு பாட்டில்களைச் சின்னச் சின்னக் கோப்பைகளில் பகிர்ந்து சுவைக்கும் சந்திப்புகளில் இது இன்னும் கூர்மையாகும். நாக்கு மரத்துப்போன பிறகு வரும் பில்ஸ்னர் தண்ணீர்போலத்தான் படும். ஆனால் லாகர், மைல்டு, பிட்டர் போன்றவை உருவானதே மாலை முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாகக் குடிப்பதற்காக. அவற்றின் சிறப்பு மூன்றாவது கோப்பையில் தெரியும். மதிப்பெண் முதல் கோப்பையிலேயே போடப்பட்டுவிடுகிறது.

இந்தச் சாய்வைக் கணினி அறிவியலாளர்கள் தரவுகளிலும் கண்டார்கள். ரேட்பீரும் பீர்அட்வகேட்டும் லட்சக்கணக்கான விமர்சனங்களைப் பொதுவெளியில் வைத்திருந்ததால், அவை ஆய்வாளர்களுக்குப் பெரிய சுரங்கமாயின. ஸ்டான்ஃபோர்டின் ஜூலியன் மெக்காலி, யூரே லெஸ்கோவெச் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, பயனர்களின் ரசனை அனுபவத்தோடு எப்படி நகர்கிறது என்று பார்த்தது. அனுபவம் கூடக்கூட, ஹாப்ஸ் தூக்கலான, காட்டமான ஏல்களுக்கு மதிப்பெண் ஏறுகிறது, லாகர்களுக்கு இறங்குகிறது. அதாவது, பழகிப் பழகி வருகிற ரசனை அது. பட்டியலை உருவாக்குவதில் அதிகம் எழுதும் அனுபவசாலிகளின் கை ஓங்கியிருப்பதால், அவர்கள் நாக்கே உலகின் நாக்கு என்று தோற்றம் தருகிறது.

அரிதாகக் கிடைப்பதும் மதிப்பெண்ணை ஏற்றும். அதிகாலையில் வரிசையில் நின்று, நானூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டி, ஆளுக்கு நான்கு கேன் என்ற வரம்புக்குள் வாங்கிவந்த பீருக்கு யாரும் இரண்டரை நட்சத்திரம் போட மனம் வராது. அந்தப் பாணி பிடிக்காதவர் அந்த வரிசைக்கே போயிருக்க மாட்டார். மதிப்பெண் போடுபவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ரசிகர்கள். மாறாக, ஊரெங்கும் கிடைக்கும் பீருக்கு விமானத்தில் வேறு வழியில்லாமல் குடித்தவரும், திருமண விருந்தில் கையில் திணிக்கப்பட்டவரும் மதிப்பெண் போடுகிறார்கள்.

இன்னொரு ஆய்வு இதைவிடச் சங்கடமானது. சுவிட்சர்லாந்தின் இ.பி.எஃப்.எல். நிறுவனத்தைச் சேர்ந்த கேல் லெடெர்ரே, ராபர்ட் வெஸ்ட் இருவரும் 2018இல் ஒரு புத்திசாலித்தனமான ஒப்பீடு செய்தார்கள். ஒரே பீர் ரேட்பீர், பீர்அட்வகேட் இரண்டு தளங்களிலும் இருக்கிறது. தற்செயலாக ஒன்றில் முதல் மதிப்பெண் மிக நன்றாகவும் மற்றதில் மிக மோசமாகவும் அமைந்துவிடுகிறது. பீர் ஒன்றேயாகையால் காலப்போக்கில் இரண்டு சராசரிகளும் நெருங்க வேண்டும். நெருங்கவில்லை. இருபதுக்கு மேல் மதிப்பெண்கள் சேர்ந்த பிறகும் இரண்டுக்கும் இடையே திட்ட விலக்கத்தில் ஏறத்தாழ பாதியளவு இடைவெளி நீடித்தது. முன்னால் போனவர் பார்த்த திசையிலேயே பின்னால் வருபவரும் பார்க்கிறார். முதல் நாளில் ஆலைக்கு யார் வந்து குடிக்கிறார் என்பது ஒரு பீரின் தலையெழுத்தில் பங்கு வகிக்கிறது.

திங்கள்தோறும் புதுப் பெயர்

அன்டாப்ட் பேட்ஜ்களின் தர்க்கம் எளிது. ஐந்து வெவ்வேறு ஐ.பி.ஏ. குடித்தால் ஒரு பேட்ஜ். மேலும் ஐந்து குடித்தால் அதன் அடுத்த நிலை. ஒரே பீரை ஐம்பது தடவை குடிப்பவருக்கு இந்த ஆட்டத்தில் பெரிய லாபம் இல்லை. குடித்ததைத் திரும்பக் குடிக்காமல் எண்ணிக்கை சேர்ப்பவர்களை பீர் வட்டாரத்தில் ‘டிக்கர்’ என்பார்கள். ரயில் எஞ்சின் எண்களைக் குறித்துக்கொள்பவர்களைப்போல, ஒரு காலத்தில் பிரிட்டனில் சில நூறு பேரின் வினோதப் பொழுதுபோக்காக இருந்த அதைச் செயலி பொதுவழக்கமாக்கியது.

ஆலைகள் அதற்கேற்பத் தங்களை மாற்றிக்கொண்டன. ஆண்டு முழுவதும் ஒரே தரத்தில் நான்கைந்து பீர் தயாரிப்பதுதான் பழைய முறை. இப்போது பல ஆலைகள் வாரம் ஒரு புதுப் பெயர், புது லேபிள் என்று இறக்குகின்றன. உள்ளே ஹாப்ஸ் கலவை மட்டும் சற்று மாறியிருக்கும். ஒரே செய்முறையைப் பலமுறை செய்து, குறை களைந்து, நேர்த்தி கூட்டுவதற்கு இதில் அவகாசமில்லை. சரியாக வராத பீரைத் திருத்துவதைவிட அதன் பெயரைக் கைவிட்டுவிடுவது சுலபம். மோசமான மதிப்பெண்ணும் அந்தப் பெயரோடு போய்விடும்.

அடிவாங்கியவை, ஓர் ஆலையின் அடையாளமாக நின்ற பழைய பீர்கள். சியரா நெவாடாவின் பேல் ஏல், பாஸ்டன் பீர் நிறுவனத்தின் சாமுவேல் ஆடம்ஸ் லாகர் போன்றவை 1980களில் இந்த இயக்கத்தையே கட்டி எழுப்பியவை. அவற்றைக் குடிக்காதவர் இல்லை என்பதே அவற்றுக்கு வினையாயிற்று. 2019இல் ஸ்டீஃபன் போமான்ட், ஜே புரூக்ஸ் என்ற இரண்டு பீர் எழுத்தாளர்கள், பிப்ரவரி மாதத்தில் பழைய பீர்களைத் திரும்பக் குடியுங்கள் என்று ‘ஃபிளாக்‌ஷிப் பிப்ரவரி’ என்றொரு இயக்கமே நடத்தினார்கள். பேல் ஏல் குடிக்கச் சொல்லிப் பிரசாரம் செய்ய வேண்டிய நிலை பத்தாண்டுகளுக்கு முன் யாருக்கும் தோன்றியிருக்காது.

பாணி மாற்றத்தை அதிகாரபூர்வப் போட்டிகளிலும் பார்க்கலாம். ஹெடி டாப்பர் வழியில் வந்த கலங்கலான, பழச்சாறு மணக்கும் ஐ.பி.ஏ.க்கள் வெர்மான்ட்டிலிருந்து மாசசூசெட்ஸின் ட்ரீ ஹவுஸ், ட்ரில்லியம் ஆலைகள் வழியாக நாடெங்கும் பரவின. அமெரிக்கப் பீர் தயாரிப்பாளர் சங்கமான புரூவர்ஸ் அசோசியேஷன் 2018இல்தான் அதைத் தனிப் பாணியாக ஏற்றது. அதே ஆண்டு கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவலில் அந்தப் புதுப் பிரிவுக்கு 391 பீர்கள் வந்து குவிந்தன; வேறு எந்தப் பிரிவுக்கும் அத்தனை வரவில்லை. சிட்ரா, மொசைக் போன்ற மணமிக்க ஹாப்ஸ் வகைகளுக்கு அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கின் வயல்களில் இடம் பெருகியது.

இதற்கெல்லாம் செயலியையே பொறுப்பாக்குவது நியாயமாகாது. ஆலையிலேயே நேரடியாக விற்கச் சட்டங்கள் தளர்ந்தன. நடமாடும் கேன் அடைக்கும் இயந்திரங்கள் வந்ததால் சிறிய ஆலையும் கேனில் விற்க முடிந்தது. இன்ஸ்டாகிராமில் மஞ்சள் நிறக் கலங்கல் பீர் அழகாகப் படம் விழுந்தது. இவற்றோடு மதிப்பெண்ணும் ஒரே திசையில் சேர்ந்து தள்ளியது என்பதே சரி. ஒயின் உலகம் இதை முன்பே பார்த்திருக்கிறது. 1978இல் தொடங்கிய ராபர்ட் பார்க்கரின் நூறு புள்ளி முறை செல்வாக்குப் பெற்றபின், கனிந்த, ஓக் மணம் தூக்கலான ஒயின்களை நோக்கி போர்டோ முதல் கலிஃபோர்னியா வரை பலர் நகர்ந்தார்கள் என்ற குற்றச்சாட்டு நெடுநாள் உண்டு. அங்கே ஒரே மனிதரின் நாக்கு. இங்கே கூட்டத்தின் சராசரி. சென்று சேர்ந்த இடம் மட்டும் ஒத்திருக்கிறது: அடர்த்தி, இனிப்பு, வீரியம்.

தராசு யார் கையில்?

2017 ஜூனில் ஒரு செய்தி கிராஃப்ட் பீர் உலகைக் கலக்கியது. உலகின் மிகப் பெரிய பீர் நிறுவனமான ஏபி இன்பெவ், தன் இசட்எக்ஸ் வென்ச்சர்ஸ் என்ற துணை நிறுவனம் வழியாக ரேட்பீரில் சிறுபான்மைப் பங்கை முந்தைய ஆண்டே வாங்கியிருந்தது அப்போதுதான் வெளியே தெரிந்தது. பட்வைசரைத் தயாரிப்பவரும், கூஸ் ஐலண்ட், எலிசியன் என்று கிராஃப்ட் ஆலைகளை வாங்கிக் குவித்துவந்தவரும் அதே நிறுவனம். விளையாடுபவரே நடுவரின் சம்பளத்தில் பங்கு கொடுப்பதா என்று கேள்வி எழுந்தது. டாக்ஃபிஷ் ஹெட் ஆலையின் நிறுவனர் சாம் கலஜியோனி, பத்திரிகையாளர் சங்கத்தின் நெறிமுறைகளைச் சுட்டிக்காட்டி, தங்கள் பீர்கள் பற்றிய மதிப்பெண்களைத் தளத்திலிருந்து நீக்கும்படி கேட்டார். 2019இல் ரேட்பீர் முழுவதுமாக அந்தத் துணை நிறுவனத்தின் கைக்குப் போனது.

மதிப்பெண்களில் யாரும் கைவைத்ததாக நிரூபணம் எதுவும் வரவில்லை. ஆனால் தரவின் மதிப்பு வேறு இடத்திலும் இருக்கிறது. எந்த ஊரில் எந்தப் பாணி சூடுபிடிக்கிறது, எந்தச் சின்ன ஆலை எழுகிறது என்பதை விற்பனைக் கணக்குகளுக்கு முன்பே காட்டிவிடக்கூடியது அது. ஆலைகளை விலைக்கு வாங்கத் தேடும் நிறுவனத்துக்கு அதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது.

அன்டாப்ட்டின் வழி வேறு. 2016இல் வட கரோலினாவின் நெக்ஸ்ட் கிளாஸ் நிறுவனம் அதை வாங்கியது. 2020இல் பீர்அட்வகேட்டையும் வாங்கியது. போட்டியாளர்களாக இருந்த இரண்டு தராசுகளும் ஒரே கையில் சேர்ந்தன. மதுக்கூடங்களுக்கு டிஜிட்டல் பீர் பட்டியல் அமைத்துத் தரும் சந்தா சேவை அதன் முக்கிய வருமானங்களில் ஒன்று. சுவரில் தொங்கும் திரையில் பீரின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திர மதிப்பெண் தெரியும். குடிப்பவர் அதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். அடுத்த முறை எந்த பீரை வரவழைக்கலாம் என்று மதுக்கூட மேலாளரும் அதைப் பார்ப்பார். 3.6 வாங்கிய நல்ல பில்ஸ்னருக்கு அந்தக் குழாய் கிடைக்காமல் போவதற்கு இதுவே போதும்.

செக்-இன் தரவு எவ்வளவு பேசும் என்பதை 2020 மே மாதம் பெல்லிங்கேட் புலனாய்வுக் குழு வேறொரு கோணத்தில் காட்டியது. ராணுவத் தளங்களிலும் உளவு அமைப்புகளின் வளாகங்களிலும் பதிவான செக்-இன்களை வைத்துப் பலருடைய பயணங்களை அவர்களால் பின்தொடர முடிந்தது.

வேறு தராசுகள்

மதிப்பெண்ணே கூடாது என்று பீர்த் தொழிலில் யாரும் சொல்வதில்லை. எதை அளக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. 1982இல் தொடங்கிய கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவலில் நடுவர்கள் ஆலையின் பெயர் தெரியாமல் சுவைக்கிறார்கள். பில்ஸ்னர் பில்ஸ்னரோடுதான் மோதும். பாணிக்குரிய இலக்கணத்தை எவ்வளவு நிறைவாக எட்டியிருக்கிறது என்பதே கேள்வி. அதனால் அங்கே பதக்கம் வாங்கும் பல லாகர்கள் செயலியின் பட்டியலில் எங்கோ நடுவில் கிடக்கின்றன.

பிரிட்டனில் 1971இல் தொடங்கிய கேம்ரா என்ற பீர் நுகர்வோர் அமைப்பு இன்னொரு வழியைப் பின்பற்றுகிறது. அதன் உறுப்பினர்கள் மதுக்கூடங்களில் ஊற்றப்படும் காஸ்க் ஏலுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் தருகிறார்கள். அளக்கப்படுவது பீரின் செய்முறை அல்ல, அன்று அந்தக் கோப்பையில் அது எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பது. காஸ்க் ஏல் பீப்பாய்க்குள்ளேயே இறுதியாக நொதிப்பது. நிலவறையைப் பராமரிப்பவரின் கைப்பக்குவம் இல்லாவிட்டால் மிகச் சிறந்த பீரும் மூன்று நாளில் பாழாகும். ‘குட் பீர் கைட்’ நூலில் எந்த மதுக்கூடம் இடம்பெறும் என்று முடிவுசெய்ய இந்த மதிப்பெண்கள் உதவுகின்றன. அன்டாப்ட்டிலோ நன்றாகப் பராமரிக்கப்பட்ட காஸ்க்கும், வெயிலில் கிடந்த பாட்டிலும் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் ஒரே சராசரிக்குள் கரைந்துவிடுகின்றன.

ஆலைகளிலும் எதிர்நீச்சல் போட்டவர்கள் இருக்கிறார்கள். மாசசூசெட்ஸில் கிறிஸ் லோரிங் 2010இல் தொடங்கிய நாட்ச், ஆல்கஹால் குறைந்த செஷன் பீர்களையே தன் அடையாளமாகக் கொண்டது. கலங்கலான ஐ.பி.ஏ. அலை எழுந்துகொண்டிருந்த அதே மாநிலத்தில் 2011இல் பிறந்த ஜாக்ஸ் ஆபி லாகர் ஈஸ்ட்டை மட்டுமே நம்பியது. டென்வரில் 2016இல் திறந்த பீர்ஸ்டாட் லாகர்ஹவுஸ், நுரை படிந்து அடங்க நேரம் கொடுத்து நிதானமாக ஊற்றப்படும் பில்ஸ்னரால் பெயர் பெற்றது. இவர்களைக் கொண்டாடுபவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள் சக பீர் தயாரிப்பாளர்கள். வேலை முடிந்ததும் அவர்கள் கையில் எடுப்பது பெரும்பாலும் லாகர்தான் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த செய்தி.

சந்தையும் இறுகிவிட்டது. 2024இல் அமெரிக்காவில் புதிதாகத் திறந்த கிராஃப்ட் ஆலைகளைவிட மூடப்பட்டவை அதிகம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் காணாதது அது. கிராஃப்ட் பீர் விற்பனை அளவும் இறங்கியது. ஒரு கேனுக்காக வரிசையில் நிற்பவர்கள் குறையும்போது, ஆலைகளுக்கு வேண்டியிருப்பது மாதம் நான்கு முறை வந்து அதே பீரைக் கேட்கும் வாடிக்கையாளர். அவர் செயலியில் ஒருமுறை செக்-இன் செய்துவிட்டு மறந்துவிடக்கூடியவர். ஆலையின் மாத வாடகையைக் கட்டுவது அவர் திரும்பத் திரும்ப வாங்கும் கோப்பைகள். சராசரி நட்சத்திரத்தில் அந்தத் திரும்ப வருதலுக்கு இடமில்லை.

2025 பிப்ரவரி 1 அன்று ரேட்பீர் மூடப்பட்டது. கால் நூற்றாண்டு மதிப்பெண்களும் குறிப்புகளும் பொதுப் பார்வையிலிருந்து மறைந்தன. அந்தத் தளத்தில் ஒவ்வொரு பீருக்கும் இரண்டு எண்கள் இருந்தன: எல்லா பீர்களுக்கும் நடுவே அதன் இடம் ஒன்று, தன் பாணிக்குள் அதன் இடம் மற்றொன்று. பொதுத் தரவரிசையில் நடுவில் நிற்கும் ஒரு பில்ஸ்னர் பில்ஸ்னர்களில் உச்சத்தில் இருப்பதை அந்த இரண்டாவது எண் காட்டிக்கொடுக்கும். இன்று மதுக்கூடத் திரைகளிலும் கடை அலமாரிச் சீட்டுகளிலும் பீரின் பெயருக்குப் பக்கத்தில் வழக்கமாக அச்சாவது ஒரே ஒரு எண்.